வெற்றிலை போடாத வாய்

டோர்கஸுக்கு வாயும் கையும் சேர்ந்துதான் வேலை செய்யும். திட்டிக்கொண்டே அடிப்பாள், அடித்துவிட்டு மறுபடியும் திட்டுவாள். கல்யாணமான புதிதில் அவள் புருஷன் பெனு, லாரி ஓட்டுகிறவன், குடித்துவிட்டு வந்து கன்னத்தில் ஒன்று வைத்தான். அவள் அவனுடைய சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கி ஒடித்தாள். ஒடித்தவளே தன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டும் போட வைத்தாள். கோணலாகச் சேர்ந்துகொண்ட அந்த விரலோடுதான் அவன் இன்றைக்கும் லாரி ஓட்டுகிறான். அதற்கப்புறம் அவர்களுக்குள் ஒரு குறையும் கிடையாது. ஜாவாவுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் சும்பாத் தீவின் மேற்குப் பக்கத்தில் இதெல்லாம் நல்ல குடித்தனத்தில் சேர்த்தி.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரத்தம் பரிசோதிக்கிற வேலை. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை இடுப்பில் பாராங் கத்தி இல்லாமல் வாசல் தாண்டமாட்டான். கல்யாணத்துக்கும் கத்தி, சர்ச்சுக்கும் கத்தி, காட்டுப்பக்கம் ஒதுங்கினாலும் கத்தி. கோபம் வருகிற நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கத்தி இருந்தால் பேச்சு எங்கே நீளும்? வரப்புத் தகராறு, குதிரைத் திருட்டு, பெண் கேட்டுப் போன இடத்தில் வந்த வாய்ச்சண்டை, எதுவானாலும் கடைசியில் டோர்கஸின் மேஜைக்கு ஒரு ஊசி இரத்தமாக வந்து சேரும். கூடவே இரண்டு கட்சி ஆட்களும் வருவார்கள். வாசல் காவலாளி ஸெம் கத்திகளைப் பிடுங்கி மூலையில் போடுவான். சந்தை நாளில் அந்த மூலை விறகுக்கடை மாதிரி இருக்கும்.

காயத்தை அளக்க எங்கள் சனத்திடம் இருப்பது ஒரே அளவுகோல்தான். மண்ணில் எவ்வளவு இரத்தம் விழுந்தது என்று பார்ப்பார்கள். பசோலாத் திருவிழா நாளில் இரண்டு கட்சியாக நின்று குதிரை மேலிருந்து மரஈட்டியை எறிந்துகொள்ளும்போது இரத்தம் மண்ணில் சிந்தினால்தான் நெல் பிடிக்கும் என்று நம்புகிற சனம் வேறெப்படி அளக்கும்? மண் நனைந்தால் பெரிய காயம், நனையாவிட்டால் நடிப்பு. ஒரு சொட்டும் சிந்தாமல் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவனைக் கஞ்சன் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

டோர்கஸின் அப்பாவையும் அப்படித்தான் சிரித்தார்கள்.

அவர் பெயர் டைரோ. ஊர் போண்டோ லெரே. பக்கத்து ஊரான மாத்தா ராராவில் ஒரு குதிரை காணாமல் போனதற்கு அவர்தான் காரணம் என்று அந்த ஊர்க்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு நாள் அவர் குதிரையில் திரும்பி வரும்போது ரெஹி என்கிறவன் மூங்கில் கழியால் அடித்துக் கீழே தள்ளினான். அப்போது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. தள்ளியதோடு விடாமல் தன் குதிரையை அவர்மேல் ஏற்றி ஓட்டினான். அதன்பின் இறங்கி, கத்தியால் அவர் காது நுனியை அறுத்துவிட்டுப் போனான். நேரில் பார்த்த டோர்கஸுக்கு அப்போது பால்பல்கூட எல்லாம் விழுந்திருக்கவில்லை. ஆட்கள் ஓடிவந்து பார்த்தார்கள். மேலெல்லாம் புழுதி, காதில் கொஞ்சம் இரத்தம். காதைத் துணியால் கட்டினார்கள். ஒருத்தன், இனிமேல் பெண்டாட்டி திட்டுவது பாதிதான் கேட்கும், நல்லதுதான் என்றான். அவரே அதற்குச் சிரித்தார்.

லாரியில் ஏற்றி உட்கார வைத்து, தெம்புக்கு வெற்றிலையும் பாக்கும் கையில் கொடுத்தார்கள். டோர்கஸ் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் வாயோரத்தில் சிவப்பாக வழிந்துகொண்டே இருந்தது. அவள் பாவாடை நுனியால் துடைத்துவிட்டாள், மறுபடி வழிந்தது, மறுபடி துடைத்தாள். வெற்றிலை போட்டால் துப்பாமல் இப்படியா வழியவிடுவார் என்று ஒருத்தன் கேலி செய்தான். ஆஸ்பத்திரிக்கு வந்து இறக்கும்போது அவர் செத்திருந்தார். கொடுத்த வெற்றிலை மடித்தபடி அவர் கைக்குள்ளேயே இருந்தது. காதறுந்ததற்கு ஒருத்தன் சாவானா என்று ஊரே வியந்தது. முன்னோர் கோபம் என்றார்கள் சிலர், அப்படியானால் குதிரையை அவர்தான் திருடியிருக்கவேண்டும் என்றார்கள் வேறு சிலர்.

டோர்கஸ் வளர்ந்து குப்பாங் நகரத்தில் ஆய்வுக்கூடப் படிப்புப் படித்தாள். ஒரு நாள் வாத்தியார் இரத்தம் உறைவதைப் பற்றிப் பாடம் எடுத்தார். இரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது, உடம்பில் எங்கே கிழிந்தாலும் அது நூலாகி, வலையாகி ஓட்டையை அடைக்கிறது என்றார். சின்னக் கிழிசலுக்குக் கொஞ்சம்தான் செலவாகும். உள்ளே ஈரலோ மண்ணீரலோ கிழிந்தால் கையிருப்பு முழுவதும் அங்கே போய்விடும். அப்புறம் ஈறில் கசிவதை அடைக்கக்கூட மிச்சம் இருக்காது. அதனால் வெளிக்காயத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அந்தப் புரதம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள், அடி எவ்வளவு பெரிது என்பதை அதுவே சொல்லிவிடும் என்று முடித்தார்.

டோர்கஸ் எழுந்து நின்றாள். எதிரில் இருந்த கண்ணாடிக் குழாய்த் தட்டை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் அடித்தாள். ஏன் என்று வாத்தியார் கேட்டார். பாவாடை நுனியில் இருந்தது வெற்றிலைச் சாறு இல்லை என்பதை அத்தனை பேர் மத்தியில் எப்படிச் சொல்வது? தண்டனையாக அந்தப் பருவம் முழுக்கக் குழாய் கழுவினாள். சோப்புத் தண்ணீர் துளி ஒட்டியிருந்தாலும் குழாயில் இரத்தம் சரியாக உறையாது, பொய் சொல்லும் என்பதை அப்போதுதான் கற்றாள். இன்றைக்கும் அவள் மேஜைக் குழாயை வேறு யாராவது கழுவ எடுத்தால் கையில் அடி விழும்.

அந்தப் புரதத்தை அளக்கிற யந்திரம் ஆஸ்பத்திரியில் இருக்கத்தான் இருக்கிறது. அதற்கு ஊற்றுகிற மருந்துதான் ஒழுங்காக வராது. மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுவிடும். அந்த மாதங்களில்தான் பசோலாவும், பசோலாவை ஒட்டிய சண்டைகளும். அப்போது டோர்கஸ் பழைய வழிக்குப் போவாள். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை விட்டு அசைக்காமல் நிறுத்துவாள். பெரிய முள் கடிகாரத்தில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்ததும் எடுத்துச் சாய்ப்பாள். தயிர் மாதிரி இறுகி நின்றால் நல்லது. தண்ணீராக ஓடினால் உள்ளே வீடு பற்றி எரிகிறது என்று அர்த்தம். குழாய் சாய்க்கிறவள் என்றுதான் ஊரில் அவளுக்குப் பெயர். ஜாவாவிலிருந்து வந்த சர்ஜன் விபோவோவும் இந்த வழியை அறிந்தவர்தான். யாரை முதலில் மேஜையில் ஏற்றுவது என்று முடிவு செய்யும் முன் அவளைத்தான் கேட்பார்.

அந்த வருஷம் பசோலா முடிந்து புழுதி அடங்கவில்லை, டோர்கஸின் தம்பி லேடே தன் ஆட்களோடு பாலத்தடியில் பதுங்கினான். அப்பா செத்தபோது அவன் கைக்குழந்தை. அம்மா வினி அவனுக்குப் பாலோடு சேர்த்து ரெஹியின் பெயரையும் ஊட்டித்தான் வளர்த்தாள். பசோலாக் களத்தில் பட்ட அடிக்குப் பழி வாங்கக்கூடாது என்பது முறை. ஆனால் இது களத்துப் பழி இல்லையே, அப்பா பழிதானே என்று லேடே கணக்குப் போட்டான். ரெஹி தனியாக வந்தான். இப்போது அவன் தலை பாதி நரைத்தவன்.

லேடேயின் கூட்டம் நெல் குத்துகிற உலக்கைகளோடு பாய்ந்தது. விழுவதற்கு முன்னால் ரெஹி ஒரே ஒரு வீச்சு வீசினான். லேடேயின் மேல்கை எலும்பு தெரியப் பிளந்தது. அதன்பின் உலக்கைகள் ரெஹியின் விலாவிலும் வயிற்றிலும் தொடையிலும் இறங்கின. அரிசி குத்துகிற அதே சீரோடு மாற்றி மாற்றி இறங்கியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். போலீஸ் லாரி வந்து இரண்டு பேரையும் ஒன்றாக அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தது. பாலத்தை லேடேயின் ஆட்கள் மறித்துக்கொண்டதால் மாத்தா ராராவிலிருந்து ஒரு ஆளும் பின்னால் வரமுடியவில்லை. ஆஸ்பத்திரி முற்றத்தில் நிறைந்தது முழுக்க போண்டோ லெரே சனம்.

லாரியின் பின்கதவைத் திறந்ததும் இரத்தம் விளிம்பு தாண்டிச் சொட்டியது. அத்தனையும் லேடேயுடையது. அவன் கெட்ட வார்த்தையாகக் கத்திக்கொண்டிருந்தான். ரெஹி மாற்றுச் சக்கரத்தில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தான். புருவத்தில் சின்னக் கிழிசல், அதுவும் காய்ந்துவிட்டது. உதடு இரண்டும் சிவப்பு.

"கொழுப்பப் பாரேன்," என்றான் லேடேயின் பெரியப்பா மகன் பூலு. "இத்தன அடி வாங்கிட்டு ஒரு சொட்டு விட்டானா? கஞ்சப்பய. உக்காந்து வெத்தல வேற மெல்லுறான்."

முற்றம் சிரித்தது. டோர்கஸ் ஊசித் தட்டோடு லாரியில் ஏறினாள். சந்தையில் ரெஹியைப் பார்க்கும்போதெல்லாம் அவன் நிழல் விழுந்த இடத்தில் காறித் துப்பிவிட்டுப் போகிறவள் அவள். இவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை. தம்பியின் கையில் ஊசி போட்டு இரத்தம் எடுத்தாள். பிறகு இவன் பக்கம் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவன் தாடை அசையவில்லை. வெற்றிலை போடுகிறவன் தாடை தூக்கத்தில்கூடச் சும்மா இருக்காது. வாயோரத்தில் வழிந்தது எச்சில் கலந்த சாறாகவும் இல்லை, அதைவிட மெல்லிய கோடாக, நிற்காமல் வந்தது. டோர்கஸ் கட்டைவிரலால் அவன் கீழுதட்டை இழுத்துப் பார்த்தாள். வாயில் வெற்றிலையே இல்லை. ஒவ்வொரு பல்லின் அடியிலும் ஈறு சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தது. அவன் கையிலும் இரத்தம் எடுத்தாள். ஊசி எடுத்த துளை பஞ்சை நனைத்து, அடுத்த பஞ்சையும் நனைத்தது. அவள் நாசிக்குள் அந்தப் பழைய லாரிப் புழுதியும் அப்பாவின் வியர்வையும் ஏறின.

உள்ளே போய் இரண்டு குழாயையும் நிறுத்திவிட்டுக் கடிகாரத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள். வெளியே டாக்டர் விபோவோ லேடேயின் தோளுக்குக் கீழே இறுக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். குளிர்பெட்டியில் இருந்ததோ இரண்டே பை இரத்தம். அது யாருக்கு என்று முற்றத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. லாரியிலிருந்து வாசல் வரைக்கும் மண் நனைந்திருந்ததே.

ஜன்னலுக்கு வெளியே அம்மா வந்து நின்றாள். வினி கெட்டிக்காரி. மகள் லாரியில் நின்ற நிலையைப் பார்த்திருக்கிறாள், அவன் உதட்டை இழுத்ததையும் பார்த்திருக்கிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் எழாமல் பேசினாள்.

"அவன் வாயில வெத்தல இல்ல, அப்படித்தானே?"

டோர்கஸ் தலையை அசைத்தாள்.

"உள்ள உடைஞ்சிருக்கு," என்றாள் அம்மா.

"ஆமா."

"யாருக்கும் தெரியாது. எனக்கும் ஒனக்கும்தான் தெரியும்." வினி நாலா பக்கமும் பார்த்துக்கொண்டாள். "அவன் குழாயும் உறைஞ்சிடுச்சுன்னு சொல்லு. பொய்கூட வேணாம், சும்மா கொஞ்ச நேரம் வாயத் தொறக்காம இரு. மிச்சத்த அவன் உடம்பே பாத்துக்கும்."

டோர்கஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"உங்கப்பனுக்கு யாருடி குழாய் சாய்ச்சா?" என்றாள் வினி.

"யாரும் சாய்க்கல. அதனாலதான்," என்றாள் டோர்கஸ்.

சொல்லிவிட்டாளே தவிர, அவள் ஒன்றும் தெய்வப் பிறவி இல்லை. ரெஹி சாகவேண்டும் என்று ஆயிரம் முறை வேண்டிக்கொண்டவள். சர்ச்சில் கண்ணை மூடியபோதெல்லாம் அவள் கேட்டது அது ஒன்றைத்தான். இதோ, கேட்டது கிடைத்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். தான் செய்யவேண்டிய கொலை ஒரு கொலையாகவே இருக்காது, ஒரு பரிசோதனை தாமதமானதாக இருக்கும். அதை நினைத்ததும் அவளுக்கு அவள்மீதே அருவருப்பு வந்தது.

முள் குறியைத் தொட்டது. லேடேயின் குழாயைச் சாய்த்தாள். இறுகி நின்றது, அசையவே இல்லை. ரெஹியுடையதைச் சாய்த்தாள். மழைத் தண்ணீர் மாதிரி ஓடி வாய்க்கு வந்தது. குழாய் பொய் சொல்கிறதோ, நான் வேண்டியதால் எனக்கு இப்படித் தெரிகிறதோ என்று அவளுக்கு ஒரு கணம் பயம். அந்த இரண்டு குழாயையும் நிறுத்தும்போதே அவள் ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். அதே அடுக்கிலிருந்து மூன்றாவது குழாய் எடுத்துத் தன் இரத்தத்தையும் விட்டு நிறுத்தியிருந்தாள். அதைச் சாய்த்தாள். கெட்டியாக நின்றது. குழாயில் சோப்பு இல்லை. பொய்யும் இல்லை.

அவள் நடைவழிக்கு வந்தபோது டாக்டர் விபோவோ நிமிர்ந்தார்.

"அக்கா, குழாய் என்ன சொல்லுது?"

"தம்பியோடது உறைஞ்சிடுச்சு. கட்டுப் போட்டா தாங்குவான்," என்றாள் டோர்கஸ். குரலை எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே வைத்துக்கொண்டாள். "ரெஹியோடது தண்ணி. ஈறுல கசியுது. ஒடனே வயித்தத் தொறக்கணும்."

டாக்டர் ரெஹியின் வயிற்றில் கை வைத்து அழுத்தினார், உதட்டை விலக்கிப் பார்த்தார், தள்ளுவண்டியை அறுவைக் கூடத்துக்குத் திருப்பச் சொன்னார். இரண்டு பையும் அவனுக்கே என்றார். அதுவும் போதாது, உறைய வைக்கிற சத்து அப்படியே உயிரோடு இருக்கிற இரத்தம் வேண்டும், இப்போதே ஓர் உடம்பிலிருந்து எடுத்தது வேண்டும் என்றார். ரெஹியின் வகை ஓ. முற்றத்தில் அந்த வகைக்காரர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். கேட்டால் கத்தியைத்தான் கொடுப்பார்கள்.

"நானும் ஓ-தான். எங்கிட்ட இருந்து எடுங்க," என்றாள் டோர்கஸ்.

முற்றத்துக்கு விஷயம் போய்ச் சேர்ந்ததும் கதவு உடைந்தது. முதலில் நுழைந்தவன் பூலு. ஸெம் பிடுங்கி வைத்த குவியலிலிருந்து யாருடையதோ ஒரு கத்தியை உருவிக்கொண்டு வந்திருந்தான். அவன் நேராக அறுவைக் கூடத்துக் கதவைப் பார்த்து ஓடினான். டோர்கஸ் இரும்பு முக்காலியைத் தூக்கி அவன் தலையில் இறக்கினாள். முக்காலியின் கால் ஒன்று கழன்று பறந்தது. பூலு சுவரோடு சரிந்தான், நெற்றி கிழிந்து முகமெல்லாம் இரத்தம். அவன் கையை மிதித்துக் கத்தியைப் பிடுங்கி, அடுத்து வந்தவர்களின் எதிரில் நீட்டினாள். இவளை வெட்டிப்போட்டு உள்ளே போக அவர்களில் ஒருத்தனுக்கும் மனம் வரவில்லை, டைரோவின் மகளாயிற்றே. வெளியே போய்க் கல்லெறிந்தார்கள். ஆய்வுக்கூடத்து ஜன்னல் நொறுங்கியது, அடுக்கில் இருந்த குழாய்கள் ஒன்று மிச்சமில்லாமல் போயின.

கல் தகரக் கூரையில் விழுந்து உருண்டுகொண்டிருக்கும்போதே அவள் நடைவழிப் பெஞ்சில் படுத்துக் கையை நீட்டினாள். நர்ஸ் ஊசியை ஏற்றினாள். பை மெல்ல நிறைய ஆரம்பித்தது. எதிர்ச் சுவரோரமாக, தன் முறைக்குக் காத்துக்கொண்டு, தள்ளுவண்டியில் லேடே கிடந்தான். அவன் பார்வை அந்தச் சிவப்புக் குழலின் மேலேயே இருந்தது.

"அக்கா, அது அப்பா இரத்தம்," என்றான்.

டோர்கஸ் நர்ஸிடம் பையை இன்னும் தாழ்த்தச் சொன்னாள்.

"அவன் எம்மேல ஒரு வெட்டுதான் வெட்டுனான். நீ அப்பாவையே எடுத்து அவனுக்கு ஊத்துற."

"படுடா. ஒனக்கு இருக்கறது போதும். ஒன்னோடது உறைஞ்சிடுச்சு."

அதைக் கேட்டதும் லேடேவுக்கு என்ன ஆனதோ. உறைந்துவிட்டதாம், அப்படியென்றால் அவன் காயம் சின்னக் காயமாம், ரெஹியுடையது பெரியதாம். அத்தனை சனம் பார்க்க மண்ணை நனைத்துக்கொண்டு வந்தவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. நல்ல கையாலும் பல்லாலும் கட்டைப் பிய்த்து எறிந்தான். பிளவுக்குள் விரலை விட்டு இழுத்தான். இரத்தம் பீறிட்டுச் சுவரில் அடித்தது, தரையில் கொட்டியது. பாருங்கள், எது பெரிசு என்று பாருங்கள் என்று கத்திக்கொண்டே இழுத்தான்.

டோர்கஸ் எழ முயன்றாள். ஊசி கையில் குத்தி இழுத்தது, நர்ஸ் தோளைப் பிடித்து அமுக்கினாள். பை பாதிதான் நிறைந்திருந்தது. எழுந்து போனால் தம்பியைப் பிடிக்கலாம், படுத்திருந்தால் உள்ளே கிடக்கிறவன் பிழைக்கலாம். அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஸெம்! அவன் மேல ஏறி உக்காரு!"

ஸெம் பருத்த ஆள். ஓடிவந்து லேடேயின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான். இரண்டு நர்ஸ்கள் முழங்காலால் கையை அழுத்தி மறுபடி கட்டினார்கள். லேடே ஸெம்மின் தொடையைக் கடித்தான். ஸெம் அவன் மூக்கில் ஒரு குத்து விட்டான். அது ஆஸ்பத்திரி விதிகளில் இல்லாத வைத்தியம்தான், ஆனாலும் வேலை செய்தது. பை நிறைந்தது. யாரோ அதைச் சூடு ஆறாமல் உள்ளே எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

ரெஹியின் மண்ணீரல் இரண்டாகப் பிளந்திருந்ததாம். வயிற்றைத் திறந்ததும் பானை கவிழ்ந்த மாதிரி கொட்டியதாம். டாக்டர் விபோவோ மண்ணீரலை எடுத்தார், இன்னும் ஒரு பை, அதே வகைக்காரனான ஸெம்மிடமிருந்து எடுத்து ஏற்றினார். இருட்டுவதற்குள் அவன் ஈறில் கசிவு நின்றது. லேடேவும் பிழைத்தான். ஆனால் அவன் விரல் விட்டுக் கிழித்ததில் நரம்பு அறுந்துபோயிருந்தது. கை இருக்கிறது, விரல் மடங்காது. இனி ஈட்டியும் பிடிக்க முடியாது, கடிவாளமும் பிடிக்க முடியாது. வெட்டினவன் ரெஹி, கிழித்துக்கொண்டவன் அவனே, ஆனாலும் போண்டோ லெரேயில் யாரைக் கேட்டாலும் அந்தக் கையைக் கெடுத்தவள் டோர்கஸ்தான் என்பார்கள்.

அந்த வருஷ அறுப்பு விருந்தில் அவளுக்கு இறைச்சிப் பங்கு வரவில்லை. எருமை வெட்டிப் பங்கு போடும்போது எல்லா வீட்டுப் பெயரையும் உரக்கக் கூப்பிடுவார்கள். அவள் பெயர் வருகிற இடத்தில் கூப்பிடுகிறவன் இருமிவிட்டு அடுத்த பெயருக்குப் போனான். அம்மா எதிரில் வந்தால் மூக்கோடு மூக்கு உரசிக்கொள்வது முறை. வினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டோர்கஸ் வீட்டுக்கு வந்து பெனுவோடு எதற்கோ சண்டை பிடித்து, சட்டியை உடைத்து, அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது அவன் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கோணல் விரலால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

மறு விதைப்புக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலையில் ரெஹி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தான். தனியாகத்தான் வந்தான். கத்தியை அவிழ்த்து ஸெம்மிடம் தானே கொடுத்தான். ஆள் இளைத்திருந்தான். டோர்கஸைக் கூப்பிடச் சொன்னான்.

அவள் வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றாள். ஸெம் எதற்கும் இருக்கட்டும் என்று கத்திக் குவியலின் முன்னால் போய் நின்றுகொண்டான். ரெஹி இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். வாங்கிக்கொண்டால் பகை முடிந்தது என்று அர்த்தம். அவள் வாங்கவில்லை.

"அன்னைக்கி காதுதான் அறுந்துச்சுன்னு நெனச்சேன்," என்றான் ரெஹி. "குதிரய ஏத்தினத நான் ஒரு கணக்காவே எடுத்துக்கல. இரத்தம் வரலயே. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். பொறகு செத்துட்டார்னாங்க. எனக்கு இந்த வயசு வரைக்கும் புரியல, எப்படிச் செத்தார்னு. அந்த லாரில, எவ்வளவு முழுங்கினாலும் வாயில ஊறிக்கிட்டே இருந்துச்சு. சொல்லணும்னு பாத்தேன், சத்தம் வரல. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பதான் புரிஞ்சுது."

டோர்கஸ் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"வாயத் தொற," என்றாள்.

அவன் திறந்தான். அவள் கட்டைவிரலால் கீழுதட்டை இழுத்தாள். மேலுதட்டையும் தூக்கிப் பார்த்தாள். ஈறு காய்ந்து இளஞ்சிவப்பாக இருந்தது, ஒரு கசிவும் இல்லை. விரலைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அறைந்தாள். பால்பல் விழுகிற வயதிலிருந்து சேர்த்து வைத்த அறை அது. ரெஹி இரண்டடி தள்ளாடி வாசல் தூணில் மோதி நின்றான். உதடு பிளந்து இரத்தம் மோவாயில் இறங்கி மண்ணில் சொட்டியது. ஸெம்மின் கை பின்னால் போயிற்று. ரெஹி அசையவில்லை, வெற்றிலைப் பையையும் கீழே விடவில்லை.

டோர்கஸ் அவன் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கையை எடுக்காமல், கண்ணை எடுக்காமல், அந்தப் பிளவையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், காதில் வாங்கவில்லை. சொட்டு மெதுவானது. ஒன்று மோவாயில் தொங்கி, விழாமல் நின்றது. பிளவின்மேல் கருஞ்சிவப்பாக ஓர் ஆடை படர்ந்து இறுகியது. அதன்பிறகும் அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"நின்னுடுச்சு," என்றாள். "வீட்டுக்குப் போ."

அவன் கையிலிருந்த பையிலிருந்து ஒரு பாக்கை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.